எஸ்பிபி - இளையராஜா மோதல்: ஒரே குழுவில் வாசித்தவர்களுக்குள் நோட்டீஸ் வந்தது ஏன்? திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் சிக்கல் வருமா?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூராக இருந்தாலும் சரி, மதுரைப் பக்கம் ஒரு கிராமமாக இருந்தாலும் சரி, திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இளையராஜா பாட்டு இல்லாமல் கச்சேரி களைகட்டாது. அந்தப் பாட்டைப் பாட அனுமதி வாங்கணுமா? இந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 2017 மார்ச்சில் வெடித்த ஒரு சண்டை.

திரையுலகில் 50 ஆண்டுகளை நிறைவு செய்ததைக் கொண்டாட அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார் எஸ்.பி.பாலசுப்ரமணியம். அவருக்கும், சித்ராவுக்கும், எஸ்பிபி மகன் சரணுக்கும் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. என் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்பதுதான் சாரம். எஸ்பிபி ஃபேஸ்புக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். டொரண்டோவில் ஆரம்பித்து ரஷ்யா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று பாடியபோது வராத நோட்டீஸ் இப்போது ஏன் என்று கேட்டார். ஆனால், சட்டம் அதுதான் என்றால் மதிக்கிறேன், இனி ராஜா பாடல்கள் இல்லாமலே கச்சேரி நடக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

ரசிகர்களுக்கு இது ஏன் இவ்வளவு வலித்தது?

இது வெறும் பாடகர், இசையமைப்பாளர் தகராறு இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பே, எஸ்பிபி நடத்திய மெல்லிசைக் குழுவில் கிடாரும் ஆர்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. அண்ணன் பாஸ்கர், தம்பி கங்கை அமரன் இருவரும் அதே குழு. பின்னாளில் அந்தப் பழைய குழுவின் தலைவருக்குத்தான் நோட்டீஸ். கங்கை அமரனே அண்ணனை வெளிப்படையாக விமர்சித்தார்.

சரி, சட்டப்படி யார் பக்கம் நியாயம்?

ஒரு சினிமா பாட்டில் மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பாடியவருக்கு மெட்டிலோ வரியிலோ பங்கு கிடையாது. 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்றே 1994 திருத்தத்தில்தான் பாடகர்களுக்குக் கிடைத்தது. அதனால் "நான் பாடிய பாட்டு, நான் பாடுவேன்" என்பது உணர்வாகச் சரி, சட்டத்தில் நிற்காது. அதேசமயம், டிக்கெட் விற்கும் கச்சேரிக்கு உரிமம் வாங்குவது பொதுவாக ஏற்பாட்டாளர் வேலை. நோட்டீஸ் பாடகர் கைக்கும் போனதுதான் பலருக்கு உறுத்தியது. எங்கள் பார்வையிலும் ஒரு ஃபோன் காலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் ராஜா தரப்பு கேள்வியையும் ஒதுக்க முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சம்பளம் கொடுத்து இசை வாங்கிய தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கு உண்டு என்று சட்டம் எழுதப்பட்டதே 2012-ல்தான். அதற்குள் அவருடைய பெரும்பாலான ஹிட் பாடல்கள் வந்து முடிந்துவிட்டன. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024), 'குட் பேட் அக்லி' (2025) வரை நோட்டீஸ்கள் தொடர்வதற்குப் பின்னால் இருப்பது இந்த நீண்டகாலக் கணக்குதான்.

எஸ்பிபி விவகாரம் கோர்ட்டில் தீரவில்லை. 2019 ஜூன் 2, இளையராஜா பிறந்தநாள் கச்சேரியில் இருவரும் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எஸ்பிபி கொரோனாவோடு போராடியபோது, "பாலு, சீக்கிரம் எழுந்து வா" என்று ராஜா வீடியோ வெளியிட்டார். செப்டம்பர் 25-ல் எஸ்பிபி மறைந்தார். காட்டூர் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், தாமரைப்பாக்கத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா கதைக்கு வருவோம். உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டம் விலக்கு தருகிறது. கட்டணம் இல்லாத கூட்டத்துக்கு அமெச்சூர் குழு பாடினாலும் பிரச்சனை இல்லை. ஆனால் காசு வாங்கும் தொழில்முறைக் குழு, சாமி ஊர்வலம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேடையேறினால் அது மதச் சடங்கில் சேருமா என்பது வாதத்துக்குரியது. முன்பணம் கொடுக்கும்போதே, உரிமம் தேவைப்பட்டால் அது யார் பொறுப்பு என்று விழாக்குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் எழுதிக்கொள்வது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.