"அப்பவே முழுசா எடுத்திருந்தா..." என்ற பேச்சை நிறுத்துவோம்



இது பெண்கள் விஷயம்தானே என்று சகோதரர்கள் கடந்து போய்விடாமல் கடைசி வரை வாசிக்கும்படி அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். புத்தளத்தில் பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு இது பிள்ளைகள் மூலமே முதலில் தெரியவரும். ஒழுங்காக வந்த பிள்ளை திடீரென்று வாரக்கணக்கில் வராது. விசாரித்தால், "உம்மா மஹரகம போற டீச்சர், தம்பியப் பாக்க ஆளில்ல" என்று மெதுவாகச் சொல்லும். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஏன் மறைக்கிறார்கள்? ஊர்ப் பேச்சுக்குப் பயந்துதான். அதிலும் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்த சகோதரி ஒருவருக்கு நோய் திரும்பி வந்துவிட்டால், நோய் பார்க்க வருகிறவர்களே அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்: "அப்பவே முழுசா எடுத்திருந்தா இப்படி வந்திருக்காதே. அழகு பாத்தா இப்படித்தான்."

இந்தப் பேச்சு நோயாளியின் மனதைப் புண்படுத்துவது மட்டுமல்ல, அது உண்மையும் அல்ல.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி என்ற டொக்டர் 1973 முதல் 1980 வரை, சிறிய கட்டியுள்ள 701 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மார்பு முழுதாக எடுக்கப்பட்டது. மற்றக் குழுவுக்கு நோயுள்ள பகுதியை மட்டும் எடுத்து, நாம் ஊரில் 'கரண்ட்' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கப்பட்டது. சுமார் 20 வருடங்கள் தொடர்ந்து பார்த்ததில், மார்பைக் காத்த குழுவில் 100க்கு 9 பேரளவில் அதே மார்பில் நோய் திரும்பியது. முழுதாக எடுத்த குழுவிலும் 100க்கு 2 பேரளவில் அதே இடத்தில் திரும்பத்தான் செய்தது. ஆனால் இரண்டு குழுவிலும் உயிரோடு இருந்தவர்களின் வீதத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. இந்த முடிவு 2002இல் வெளியானது.

அதாவது, டொக்டர் பரிசோதித்து "மார்பை எடுக்கத் தேவையில்லை" என்று சொன்னதை ஏற்றுக்கொண்ட சகோதரி எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் அழகுக்காக உயிரைப் பணயம் வைக்கவுமில்லை.

ஆனால் இந்தச் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒபரேஷனோடு அது முடிவதில்லை. அமெரிக்காவில் பேர்னாட் பிஷர் என்ற டொக்டரின் தலைமையில் நடந்த ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 20 வருடத்தில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு எடுத்தவர்களில் அது 14 மட்டுமே. இப்போதுள்ள மருந்துகளால் இந்த எண்ணிக்கை இன்னும் குறைந்திருக்கிறது.

ஆக, "ஏன் முழுசா எடுக்கல்ல?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "கரண்டுக்குப் போக வழியிருக்கா?" என்று நாம் கேட்க வேண்டும்.

கதிர்வீச்சு என்பது கிழமையில் ஐந்து நாள் வீதம் பல கிழமைகள் போகும் சிகிச்சை. அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும், கூடப் போக ஒரு பெண் துணை வேண்டும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க ஆள் வேண்டும். கணவர் நாட்கூலிக்குப் போகிறவர் என்றால் அவர் கூடப் போகும் நாளில் வருமானமும் இல்லை. இடையில் நிறுத்திவிடுபவர்கள் அலட்சியத்தால் நிறுத்துகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கேதான் நமது ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது. கத்தம், கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் சேர்ந்து நிற்கும் ஊர் இது. ஒவ்வொரு மஹல்லாவிலும் நாலைந்து சகோதரிகள் பெயர் கொடுத்தால் துணைக்குப் போக ஆள் கிடைத்துவிடும். பயணத்துக்கும் தங்குவதற்கும் ஸதகாவிலிருந்து ஒரு தொகையைப் பள்ளி நிர்வாகம் ஒதுக்கலாம். பெறுகிறவரின் பெயர் வெளியே வராமலே இதைச் செய்ய முடியும்.

சிகிச்சை முடித்த சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள்.

ஐந்து வருடம் குடிக்கச் சொல்லித் தந்த மாத்திரையை "சுகமாகிட்டேன்" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு முறை எடுக்கும் மாத்திரை என்றால் நோன்பு காலத்தில் ஸஹருக்கோ இஃப்தாருக்கோ எடுக்கலாம். டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கிளினிக் திகதியையும் வருடாந்த மெமோகிராம் பரிசோதனையையும் தவறவிட வேண்டாம். நோய் பத்து வருடம் கழித்தும் திரும்பலாம். ஒபரேஷன் தழும்புக்கு அருகில் புதிதாகத் தடிப்பு, தோல் உள்ளிழுத்தல், முலைக்காம்பில் கசிவு, கமக்கட்டில் கட்டி, இதில் எது தெரிந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். கதிர்வீச்சாலும் அந்த இடம் இறுகும். இரண்டில் எது என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர்தான். அதே மார்பில் மட்டும் திரும்பியதை நேரத்தோடு கண்டுபிடித்தால் மீண்டும் சிகிச்சை செய்ய முடியும். அதற்குப் பிறகு பல வருடங்கள் நலமாக வாழ்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதுவரை ஒரு முறையும் பரிசோதிக்காத 35 வயது தாண்டிய சகோதரிகள் எம்.ஓ.எச். காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார்.

நோயும் சுகமும் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடச் சொல்லி மார்க்கம் நமக்குக் கற்றுத்தரவில்லை. நோயாளியை நலம் விசாரிக்கப் போவது சுன்னத். போகும்போது அவர் மனம் ஆறும் வார்த்தையோடு போவோம். முடிந்தால் பஸ் காசையும் கையில் கொண்டு போவோம்.

நோயுற்ற எல்லாச் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைக் கொடுப்பானாக. ஆமீன்.

குடும்ப குரூப்களில் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் மஹல்லாவில் துணைக்குப் போக விரும்பும் சகோதரிகள் இருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் பெயர் கொடுங்கள்.