டவுன்ஹில் சைக்கிளிங்: மலையிறங்கும் த்ரில்லுக்கு என்ன விலை?

2015 ஜூன். ஆஸ்திரியாவின் லியோகாங் மலையில் உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டி. அமெரிக்க வீரர் ஆரன் க்வின் ஸ்டார்ட் கேட்டை விட்டு வெளியே வந்து பெடலை மிதித்த சில நொடிகளிலேயே சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. இனி ஒரு மிதிகூட மிதிக்க முடியாது. சாதாரண சைக்கிள் பந்தயமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். க்வின் நிற்கவில்லை. தேவையில்லாத இடத்தில் பிரேக்கைத் தொடாமல், வளைவுகளில் வேகத்தைச் சிந்தாமல், அப்படியே கீழே வந்து சேர்ந்தார். முதலிடம் அவருக்குத்தான்!

செயினே இல்லாமல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஜெயிக்க முடியும் என்றால், இது எப்படிப்பட்ட விளையாட்டு? இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்துவிட்டு, ‘செமயா இருக்கே, நாமும் ஒரு கை பார்த்துடலாம்’ என்று கிளம்புகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இந்த விளையாட்டில் வேகத்தைக் கொடுப்பது மலை. அது கேட்காமலேயே கொடுக்கும். அந்த வேகத்தை என்ன செய்வது என்பது மட்டும்தான் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

டவுன்ஹில் என்றால் என்ன?

மவுன்டன் பைக்கிங்கில் பல வகைகள் உண்டு. 1996 அட்லான்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பது ‘கிராஸ் கன்ட்ரி’. ஏற்றம், இறக்கம் இரண்டையும் கொண்ட அந்தப் பந்தயத்துக்கு நுரையீரலும் தொடைகளும் முக்கியம். டவுன்ஹில் ஒலிம்பிக்கில் கிடையாது. மலை உச்சியில் தொடங்கி அடிவாரத்தில் முடியும். ஒவ்வொருவராகத்தான் கிளம்புவார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குறைந்த நேரத்தில் இறங்கியவர் வெற்றியாளர். வழியில் பாறை, மரவேர், சேறு, செங்குத்தான பள்ளம், தாவ வேண்டிய மேடு என எல்லாம் இருக்கும்.

இதற்கான சைக்கிளும் வேறு ரகம். முன்னும் பின்னும் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கி எழும் சஸ்பென்ஷன், மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த முன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அகலமான டயர். எடை 15 கிலோவுக்கு மேல். இதில் ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கினால் பாறைகூட மெத்தை மாதிரி தெரியும். ஆபத்து ஒளிந்திருப்பதும் இந்த மெத்தையில்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

பிரேக் வைத்த பெயர்

கதை தொடங்கியது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். 1970-களில் மரின் கவுண்டி இளைஞர்கள் சிலர், 1930, 40-களில் செய்யப்பட்ட கனமான பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மண்பாதையில், 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம்.

அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஒரே ஒருமுறை கீழே இறங்குவதற்குள் பின்சக்கர ஹப் பழுக்கக் காய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி பிரித்து, புதிதாக கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். இப்படி ‘மறுபடி அடைப்பதை’ வைத்தே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அங்கே ஓட்டிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள்தான் பிற்பாடு மவுன்டன் பைக் என்ற தொழிலையே உருவாக்கினார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விளையாட்டின் புகழ்பெற்ற முதல் பாதைக்குப் பெயர் வந்தது வேகத்தால் அல்ல, பிரேக்கால். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதன் பிறகு சைக்கிள்கள் எவ்வளவோ மாறிவிட்டன. நிறுத்தத் தெரிந்தவர்தான் வேகமாகப் போக முடியும் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

அப்படி என்ன த்ரில்?

‘கீழே விழுந்து எலும்பை உடைத்துக்கொள்ள எதுக்கு இவ்வளவு செலவு?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போவதற்கும் காரணம் இருக்கிறது.

வேலை நேரத்தில் ஒருவரின் கவனம் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மீட்டிங் நடக்கும்போதே மெயில், மெயில் படிக்கும்போதே வாட்ஸ்அப். மலைச்சரிவில் அது முடியாது. அடுத்த வளைவு, அடுத்த பாறை, கால்களுக்குக் கீழே டயரின் பிடிமானம் இவை தவிர மனதில் வேறு எதற்கும் இடமில்லை. மூன்று நிமிடங்கள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் இருப்பது இன்று பலருக்கும் கிடைக்காத அனுபவம்.

இன்னொன்று, முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும். நேற்று இறங்கி உருட்டிக்கொண்டு போன பள்ளத்தை இன்று ஓட்டிக் கடந்தால், அந்தச் சந்தோஷத்துக்கு எந்த அப்ரைசலும் ஈடாகாது. கனடாவின் விஸ்லர் போன்ற மலைகளில் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட், கோடையில் சைக்கிள்களை ஏற்றிச் செல்கிறது. பச்சை, நீலம், கறுப்பு, இரட்டைக் கறுப்பு எனத் தடங்களுக்குக் கடினத்துக்கேற்ற அடையாளம் உண்டு. பச்சையில் பழகி நீலத்துக்குப் போவது ஒரு வகுப்பு பாஸாவது போலத்தான்.

மலை போடும் கணக்கு

இனி மறுபக்கம். வேகம் இரண்டு மடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளிக்கூட இயற்பியல்தான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் மரத்தில் மோதுவது, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 6 மீட்டருக்கு மேலே, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். சைக்கிள் மேல் இருப்பவருக்கு 20-க்கும் 40-க்கும் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. உடம்புக்குத் தெரியும்.

நல்ல சஸ்பென்ஷன் செய்யும் வேலை இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. சாதாரண சைக்கிளில் பாறைமேல் போனால் கை அதிரும், பல் கிட்டும், பயம் வரும். தானாகவே பிரேக் பிடிப்போம். விலை உயர்ந்த டவுன்ஹில் சைக்கிள் அந்த எச்சரிக்கை மணியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ‘நல்லாத்தானே போகுது’ என்று தோன்றும்போதே, ஓட்டுகிறவரின் திறமையை வேகம் தாண்டியிருக்கும். வீடியோக்களும் இதற்குத் துணை. ஹெல்மெட்டில் மாட்டிய ஆக்‌ஷன் கேமராவின் அகல லென்ஸ், செங்குத்தான சரிவையும் தட்டையாகவே காட்டும். திரையில் ‘இவ்வளவுதானா’ என்று தெரியும் இடம், நேரில் நின்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

அதிகம் அடிபடுவது தோள், கை, மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது இயல்பு என்பதால், ‘காலர் போன்’ எனப்படும் காறை எலும்பு முறிவது சகஜம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்படுவதும், அரிதாக முதுகெலும்பு பாதிக்கப்படுவதும் உண்டு.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. பிரிட்டனின் ரேச்சல் ஆதர்டன் 2016-ல் உலகக் கோப்பையின் ஏழு போட்டிகளையும், உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றவர். 2019-ல் பிரான்ஸின் லே ஷேவில் குதிகால் தசைநார் அறுந்தது. 2023-ல், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு திரும்பி வந்து, சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் ஜெயித்தார். டவுன்ஹில் பந்தயத்தைவிடவும் ஆபத்தானது, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நடக்கும் ‘ரெட் புல் ரேம்பேஜ்’. அதில் 2015-ல் விழுந்த பால் பாசகோய்ட்டியாவின் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் மீண்டு எழப் போராடிய கதை 2019-ல் ‘எனி ஒன் ஆஃப் அஸ்’ என்ற ஆவணப்படமானது.

இவர்களுக்கு இது தொழில். பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், ஸ்பான்சர் என்று பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது வீட்டுக் கடன் இஎம்ஐயும், லீவு கணக்கும், வயதான பெற்றோரும்தான். காறை எலும்பு சேர 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அந்த நாட்களில் லேப்டாப் பையைத் தூக்குவது யார், ஸ்கூட்டர் ஓட்டுவது யார், குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? விழுவது ஒருவர் என்றாலும் வலியைப் பங்குபோட்டுக்கொள்வது ஒரு குடும்பம்.

தப்பு எங்கே நடக்கிறது?

அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாமா? அது அவசர முடிவு. ஆபத்தின் கணிசமான பகுதி மலையில் இல்லை, வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. முதலில் சைக்கிள், பிறகு பாதுகாப்புக் கவசம், நேரமிருந்தால் பயிற்சி என்றுதான் பலரும் போகிறார்கள். சரியான வரிசை நேர் எதிரானது. முதல் செலவு பயிற்சிக்கு, அடுத்தது ஹெல்மெட்டுக்கு. சொந்த சைக்கிள் கடைசியில் வரட்டும். அதுவரை வாடகை சைக்கிள் போதும்.

பயிற்சியில் சொல்லித்தருவது பெரிய வித்தைகள் இல்லை. சீட்டில் உட்காராமல், இரண்டு பெடல்களையும் சமமாக வைத்து நிற்பது. முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, உடம்பையே இரண்டாவது சஸ்பென்ஷனாக ஆக்குவது. வளைவுக்குள் போன பிறகு பதறாமல், வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைப்பது. பாறையைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்ப்பது. கண் எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கேதான் போகும். கேட்க எளிது. உடம்பில் ஊற வாரக்கணக்கில் ஆகும்.

லிஃப்ட் இருக்கும் இடங்களில் இன்னொரு கண்ணி உண்டு. ஏற்றம் மிதிக்காததால் மூச்சு வாங்காது. எனவே, களைப்பே இல்லை என்று தோன்றும். களைப்பு சேர்வது முன்னங்கையில், பிரேக் விரல்களில். விரல் மரத்துப்போனால் பிரேக் இருந்தும் இல்லாததுதான். ‘கடைசியா ஒரு ரவுண்ட்’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது மேலை நாட்டு சைக்கிள்காரர்களிடம் பிரபலமான வழக்கம். மூடநம்பிக்கை போலத் தெரியும். உள்ளே இருப்பது அனுபவம்.

மலைச்சாலை வேறு, தடம் வேறு

தமிழ்நாட்டில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறை சாலையின் 40 வளைவுகளிலும் சைக்கிளில் இறங்கும் ஆசை பலருக்கு உண்டு. அது டவுன்ஹில் ஆகாது. டவுன்ஹில் தடத்தில் எதிரே பஸ் வராது. லாரி வராது. பொதுச்சாலையில் வளைவின் மறுபக்கம் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண சைக்கிளில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே நீண்ட இறக்கத்தில் வந்தால், ரீபேக்கில் நடந்ததுபோலவே பிரேக் சூடேறும், பிடிமானம் குறையும். ‘அப்ப காட்டுப் பாதையில போலாம்’ என்றால், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். யானை நடமாடும் வழியில் சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் இரு தரப்புக்கும் கெடுதல்.

ஆசை இருந்தால் என்ன செய்யலாம்?

* முகம் முழுவதையும் மூடும் ‘ஃபுல் ஃபேஸ்’ ஹெல்மெட் கட்டாயம். ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்பது டவுன்ஹில் ஹெல்மெட்டுக்கான தரக்குறியீடு. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம்.
* முழங்கால், முழங்கைக் கவசம், முழு விரல் கையுறை, கண்ணாடி, முதுகுக் கவசம். ‘வெக்கையா இருக்கு’ என்று கழற்றி வைப்பதற்காக வாங்க வேண்டாம்.
* புதிய தடத்தில் முதல் சுற்று பார்ப்பதற்கு, இரண்டாவது பழகுவதற்கு, மூன்றாவதுதான் வேகத்துக்கு. தாவ வேண்டிய இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.
* தலையில் அடிபட்ட பிறகு தலைவலி, குமட்டல், குழப்பம் ஏதாவது இருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. டாக்டரைப் பாருங்கள். ‘இப்ப சரியாயிடுச்சு’ என்று மீண்டும் ஏறுவதுதான் மிக மோசமான முடிவு.
* தனியாகப் போகாதீர்கள். சிக்னல் இல்லாத மலையில் போன் வெறும் கேமராதான்.
* இன்சூரன்ஸ் பாலிசியில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே படியுங்கள். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

‘வாழ்றது ஒரு தடவை, அனுபவிக்கணும்’ என்பார்கள் சிலர். ‘இருக்கிற உயிர் ஒன்று, எதுக்கு விஷப்பரீட்சை?’ என்பார்கள் வேறு சிலர். இருவரும் சொல்வது ஒரே உண்மையின் பாதிப் பாதி. ஆபத்தே இல்லாத டவுன்ஹில் இல்லை. அதைச் சொல்லாமல் சைக்கிள் விற்பது ஏமாற்று. அதற்காக, படிப்படியாகக் கற்று, பச்சைத் தடத்தில் ஒரு சீசன் பொறுமையாக ஓட்டுகிறவரையும், ரீல் பார்த்துவிட்டு நேராகக் கறுப்புத் தடத்துக்குப் போகிறவரையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை.

சரிவின் விளிம்பில் நிற்கும்போது வயிற்றில் வரும் அந்தக் கலக்கம் கோழைத்தனம் இல்லை. உடம்புக்குத் தெரிந்த கணக்கு அது. ‘இன்னைக்கு இது வேண்டாம், அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று அந்த இடத்தில் சொல்லத் தெரிந்தவர் இந்த விளையாட்டைப் பல வருஷம் ஆடுவார். மலை எங்கேயும் போய்விடாது.