ஊசி குத்தினால் அது விபத்து இல்லையா?

ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு கண்ணாடிக் கதவும், அவ்வப்போது வெளியே வந்து மருந்துச் சீட்டை நீட்டும் நர்ஸும்தான். உள்ளே நோயாளிக்கு எப்படி இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்த நர்ஸுக்கும் ஓர் உடம்பு இருக்கிறதே!

ரத்தம் எடுக்க, சர்க்கரை பார்க்க, மருந்து ஏற்ற என்று ஒரு ஷிப்டில் எத்தனை முறை ஊசியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மயக்கம் தெளியும் நோயாளி சட்டென்று கையை இழுப்பார். பக்கத்துப் படுக்கையில் வென்டிலேட்டர் அலறும். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது என்பது முதலாண்டு நர்சிங் மாணவிக்கும் தெரிந்த பாடம்தான். ஊசியைப் போடும் டப்பா அறையின் மறுகோடியில் இருந்தால் என்ன செய்வார்கள்? மூடி போட்டுத்தான் எடுத்துப் போவார்கள். இதில் யார் தவறு?

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால், தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரைகூட இருக்கலாம். எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான். ஆனால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதாவது, உடனே சொல்ல வேண்டும்.

சிக்கலே அங்கேதான். சொன்னால் "பார்த்துச் செய்யக்கூடாதா?" என்று திட்டு விழும். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். கல்யாணமாகாத பெண் என்றால் விஷயம் வீடு வரை போய்விடுமோ என்ற கவலை வேறு. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார்கள்.

(முதுகுவலி தனிக்கதை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருதரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவர் 80 கிலோ இருப்பார், நர்ஸ் 50 கிலோ!)

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. நல்ல விஷயம். அதே விதிகளில் 'பெரிய விபத்து' எது என்று விளக்கும் இடத்தில், கழிவு லாரி கவிழ்வது சேரும், ஊசி குத்துவது சேராது என்று எழுதியிருக்கிறது. அது ஆண்டறிக்கையில் வந்தால் போதுமாம். ஊருக்கு வரும் ஆபத்து என்ற கணக்கில் பார்த்தால் சரிதான். குத்துப்பட்டவருக்கு அது 72 மணி நேரக் கணக்கு அல்லவா?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்பான ஊசிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றைப் பயன்படுத்தும் ஊழியர்களையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு குத்தையும், பட்டவர் யார் என்று வெளியே தெரியாதபடி பதிவு செய்ய வேண்டும். இங்கே புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரைக் கூப்பிடுவது, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஐ.சி.யூ. சுவரில் ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்?