குன்றத்தூர் அம்மாவும் டிவிக்குத் தேவைப்படாத அம்மாக்களும்

2025 ஜூலை 24. குன்றத்தூர் இரட்டைக் கொலை வழக்கில் காஞ்சிபுரம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெற்ற இரண்டு குழந்தைகளைக் கொன்ற பெண்ணுக்கும் அவருடைய காதலருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. எல்லாச் சேனலிலும் ஓடியது. 2018இல் போட்ட அதே படங்கள், அதே பின்னணி இசை.

மூன்று நாள் கழித்து, ஜூலை 27. பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். 27 வயது, மென்பொருள் பொறியாளர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கைதானது அவர் பழகிய பெண்ணின் தம்பி. அந்த இளைஞரின் அப்பா, அம்மா இருவருமே காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். இருவர் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்தது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். நான் கேட்பது டிவியைப் பற்றி.

ஒரே வாரத்தில் இரண்டு அம்மாக்கள் செய்தியில் வந்தார்கள். உங்களுக்கு யாருடைய முகம் நினைவிருக்கிறது?

குன்றத்தூர் பெண்ணின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு சாப்பாட்டின் பெயரை ஒட்டவைத்து ஏழு வருடம் சிரித்திருக்கிறோம். பூந்தமல்லி, போரூர், அம்பத்தூர் பக்கம் அந்த அடைமொழி வசைச்சொல்லாகவே புழங்கியது. மியூசிக்கலியில் ஆடுகிற, செல்ஃபி எடுக்கிற, கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிற எந்தப் பெண்ணையும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று ஆனது.

செத்த குழந்தைகளுக்கு இந்தச் சிரிப்பில் எங்கே இடம்? அந்தப் பிஞ்சுகளை நினைத்து நெஞ்சு வெந்தவர் மீம் போடமாட்டார். 2018 செப்டம்பரில் குவிந்த மீம்களை எடுத்துப் பாருங்கள். குழந்தைகளைக் காணோம். இருப்பது பிரியாணி. கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர், காதலர் பிரியாணிக் கடையில் வேலை செய்தவர். 'போயும் போயும் பிரியாணிக் கடைக்காரனோடயா' என்பதுதான் அந்த நகைச்சுவையின் மொத்தச் சரக்கு. கொலையை விட, அந்தப் பெண் தன் 'தகுதி'யிலிருந்து இறங்கிப் போனது பலரை உறுத்தியது. அந்த மனிதர் வங்கி மேலாளராக இருந்திருந்தால் குற்றம் அதே குற்றம்தான். அடைமொழி மட்டும் கிடைத்திருக்காது. 'இறங்கிப் போனவள்' என்ற இந்தக் கோபத்தின் ஊற்று எது என்று சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குற்ற நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மைச் சம்பவத்தை நடிகர்களை வைத்து நடிக்கவைத்து, நடுநடுவே கரகரத்த குரலில் ஒருவர் நீதி சொல்லும் அந்த வகை. அதில் வரும் ஒரு எபிசோட் வில்லிக்கு ஒரே வார்ப்பு. கையில் போன், உதட்டுச் சாயம், வாசலில் நின்று சிரிப்பு. அடுத்த காட்சியில் அந்தக் குரல் 'கள்ளக்காதல்' என்று உறுமும். குற்றமே அந்தச் சொல்தான், கொலை பிற்சேர்க்கை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் 497ஆம் பிரிவை ரத்து செய்தபோது, குன்றத்தூர் சூடு ஆறியிருக்கவில்லை. மணமான பெண்ணின் உறவைக் கணவனுக்கு எதிரான குற்றமாகப் பார்த்த, பெண்ணைக் கணவனின் சொத்தாக நடத்திய சட்டம் அது. அது போனதற்குத் தமிழ்நாட்டு ஆண்கள் பலர் எழுதிய ஒப்பாரியில் குன்றத்தூரும் வந்தது.

2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இருபது கேள்விகளை அடுக்கியது. திருமணம் தாண்டிய உறவுகளும் அதனால் நடக்கும் கொலைகளும் பெருக மெகா சீரியல்கள் காரணமா என்பதும் அதில் ஒன்று. கேட்கட்டும். சாதி ஆணவக் கொலைக்குச் சீரியல்கள் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகின்றன என்று எந்த நீதிமன்றமாவது இப்படிப் பட்டியல் போட்டுக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

சீரியல் வில்லி பாயசத்தில் விஷம் வைப்பாள், சொத்துப் பத்திரத்தைத் திருடுவாள், மருமகளின் கருவைக் கலைப்பாள், ஆள் வைத்துக் கடத்துவாள். ஆனால் நான் பார்த்த அளவில், சாதிக்காக மட்டும் எதுவும் செய்யமாட்டாள். காதலுக்குத் தடை என்றால் பணம், ஜாதகம், பழைய பகை. 'நம்ம குடும்ப கௌரவம்' என்று கண்ணீரோடு பேசுகிறவள் வில்லி அல்ல, நல்ல அம்மா. நம் வீடுகளில் அந்த வசனத்துக்கு என்ன பொருள் என்பது கதை எழுதுகிறவருக்குத் தெரியாதா என்ன?

ஓடிடி வந்த பிறகும் பெரிதாக மாறவில்லை. 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறனின் 'ஓர் இரவு' நம்மை உலுக்கியது. வளைகாப்பு என்று அழைத்து வந்து, கர்ப்பிணி மகளுக்கு நஞ்சு கொடுக்கிறார் அப்பா. அம்மா அழுகிறார். நல்ல படம், மறுக்கவில்லை. நிஜத்திலும் அருவாள் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அருவாள் வரும்வரை மகளின் போனை நோண்டியது யார், 'தூக்குல தொங்கிடுவேன்' என்று மிரட்டியது யார், சித்தப்பாவுக்குத் தகவல் சொன்னது யார்? சாதி மறுத்து மணந்த தோழர்களிடம் கேளுங்கள். அப்பாவின் அடியை விட அம்மாவின் அழுகையைத் தாண்டி வருவதே கடினமாக இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு.

'பெண்களையே குற்றம் சொல்கிறாயா' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சாதி நிலைக்க அகமணம் வேண்டும், அகமணம் நிலைக்கப் பெண்ணைப் பூட்டி வைக்க வேண்டும் என்று 1916இலேயே விளக்கினார் அம்பேத்கர். அந்தப் பூட்டுக்குள் வளர்ந்த பெண்ணிடமே பிறகு சாவியைக் கொடுத்து மகளுக்குக் காவல் வைக்கிறது குடும்பம். அவளும் அடிமைதான், சரி. அதற்காக அந்தக் காவல் வேலைக்குத் 'தாய்ப்பாசம்' என்று பெயர் வைத்தால், அடுத்த பெண் செத்த பிறகும் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்போம்.

உடுமலை சங்கர் கொலையை மறந்திருக்கமாட்டீர்கள். 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையம் அருகே, கேமராவில் பதிவான கொலை. கௌசல்யா சொந்தத் தாய் தந்தைக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்து, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்தது. சட்டப்படி அது அவ்வளவுதான். ஆனால் இணையத்தில் இத்தனை வருடமும் ஆபாச வசைகளை வாங்கியது யார்? கணவனைப் பறிகொடுத்து, தலையில் வெட்டு வாங்கி, நீதி கேட்டு நின்ற கௌசல்யா! மறுமணம் செய்துகொண்டதற்கும் அவரைத்தான் வில்லி ஆக்கினார்கள். குன்றத்தூரில் குடும்பத்தைக் கொன்றவள் வில்லி. உடுமலையில் குடும்பம் செய்த கொலையைக் கேள்வி கேட்டவள் வில்லி. இரண்டு இடத்திலும் குடும்பம் மட்டும் தப்பித்துக்கொண்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் பெண்களிடம் குன்றத்தூர் கதை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'வேலைக்குப் போறவ போனை வாங்கிப் பாரு' என்பதாகத்தான் சேர்ந்தது. அந்தப் போனில் தேடப்படுவது கள்ளக்காதல் மட்டுமல்ல. மணமாகாத பெண் என்றால் தேடப்படுவது ஒரு பையனின் பெயர், அவன் ஊர், அவன் தெரு. ஆவடியில் வாடகை வீடு கேட்டுப் போனால் 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்' என்று சிரித்த முகத்தோடு விசாரிக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் அதே தகவல்தான் வேண்டும். இவர்களில் ஒருவரை வைத்து ஒரே ஒரு எபிசோட் எடுக்கட்டும். வேறு யாரும் அந்த அளவுக்கு நம்மை நடுங்க வைக்க முடியாது.

கவின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. காஞ்சிபுரம் நீதிமன்ற வாசலில் நின்ற கேமராக்களில் எத்தனை நெல்லைக்கு வருகின்றன என்று எண்ணிக்கொண்டிருங்கள், தோழர்களே.