பரீட்சை தயார்; பள்ளிக்கூடத்தில் நர்ஸ் எங்கே?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள நமது சங்க ஆபீசில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மேஜை காலியாக இருப்பதில்லை. துறைமுகத்தில் காண்டிராக்ட் வேலை செய்யும் ஒரு தோழரின் மகள் அங்கே உட்கார்ந்து படிக்கிறாள். வீட்டில் ஒரே அறை, ஆறு பேர். புத்தகத்தை விரித்து வைக்க இடம் இல்லை. கடன் வாங்கி மூன்று வருஷம் நர்ஸ் படிப்பை முடித்தவள் அவள். தனியார் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சைக்குத் தயாராகிறாள்.

ஒரு நாள், "தோழர், நீங்க கேள்வியைப் படிங்க, நான் பதில் சொல்றேன்" என்று புத்தகத்தை நம் கையில் கொடுத்தாள். புத்தகம் இங்கிலீஷ், நாம் படித்ததோ மெட்ரிகுலேஷன். தட்டுத் தடுமாறி வாசித்தோம்.

"இந்தியாவில் பள்ளிக்கூடச் சுகாதாரச் சேவை முதலில் எங்கே ஆரம்பித்தது?"

"பரோடா நகரத்திலே. 1909."

"பள்ளிக் குழந்தைகளின் சுகாதாரத்தை ஆராயப் போட்ட கமிட்டி?"

"ரேணுகா ராய் கமிட்டி. 1960இல் போட்டாங்க. 1961இல் அறிக்கை கொடுத்தாங்க."

இரண்டும் சரியான விடை. பிறகு புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டோம். "நீ படித்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் நர்ஸ் இருந்தாரா?"

"ஒரு நாளும் பார்த்ததில்லை, தோழர்."

விஷயம் இதுதான். 1909இல் ஆரம்பித்த சேவையைப் பற்றி நம் பெண்கள் மனப்பாடம் செய்கிறார்கள். கமிட்டியின் பெயரும் வருஷமும் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சேவையைச் செய்ய மாநகராட்சிப் பள்ளியிலோ சர்க்கார் பள்ளியிலோ ஒரு நிரந்தர நர்ஸ் பதவி கிடையாது. புத்தகத்தில் இருப்பது பள்ளியில் இல்லை!

பரீட்சையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பரீட்சை என்பது வேலைக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு வழி. வேலையை உண்டாக்காமல் "நன்றாகப் படி, திறமை இருந்தால் மேலே வரலாம்" என்று உபதேசம் செய்வது யாரை ஏமாற்ற?

திருவொற்றியூரில் நடந்தது என்ன?

பள்ளியில் நர்ஸ் என்பது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கான சொகுசு என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் நம் பகுதிக்கு வந்து பார்க்கட்டும்.

2024 அக்டோபர் 25ஆம் தேதி, திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் திடீரென்று வாயு நெடி பரவியது. மாணவிகளுக்கு மூச்சுத் திணறியது, கண் எரிந்தது, பலர் மயங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளியை மூடினார்கள். நவம்பர் 4ஆம் தேதி மறுபடியும் திறந்தார்கள். அன்றைக்கும் மாணவிகள் சுருண்டு விழுந்தார்கள்! பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. எல்லாரும் பின்னால் வந்தவர்கள்.

அதற்கு முந்தைய வருஷத்தை மறந்துவிட்டோமா? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அது நடு இரவு. பகல் பதினொரு மணியாக இருந்திருந்தால்? பிள்ளைகள் வகுப்பறையில் இருந்திருப்பார்கள். அவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது யார்?

ஆசிரியர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள். வாயு கசிந்த முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகக் குழந்தைகளை நகர்த்த வேண்டும். எரியும் கண்ணைச் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை முதலில் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா என்பது முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். இது நர்சின் வேலை. சங்க ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து படிக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு இது அத்தனையும் தெரியும்.

ஆலைக்கு உண்டு, பள்ளிக்கு இல்லையா?

ஆலைத் தோழர்களே, உங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று சொல்கிறோம். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், அதில் டாக்டரும் நர்சும் இருக்க வேண்டும் என்று சொன்னது. முதலாளி மனமுவந்து கொடுத்ததா இது? இல்லை. கை நசுங்கி, கால் முறிந்து, ரத்தம் சிந்திய தொழிலாளிகள் சங்கம் வைத்துப் போராடியதால் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

அந்த ஆலையின் மதில் சுவரை ஒட்டியே ஒரு பள்ளி. உள்ளே 1,000 குழந்தைகள். ஆலைப் புகையைத்தான் அவர்களும் சுவாசிக்கிறார்கள். ஆலை வாயுதான் அவர்களையும் தாக்குகிறது. 500 தொழிலாளிகளுக்கு ஒரு ஆம்புலன்ஸ் அறை நியாயம் என்றால், 1,000 குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் அநியாயமா? பெரும் கட்டணம் வாங்கும் பள்ளிகள் சில, நோய்ப்பட்ட பிள்ளைக்கு ஓர் அறையும் கட்டிலும் நர்சும் வைத்திருக்கின்றன. பணம் கட்டினால் மூச்சுக்கும் பாதுகாப்பு. கட்ட முடியாதவன் பிள்ளைக்கு வாசல் வராந்தா!

"ஏன், சர்க்காரின் நடமாடும் மருத்துவக் குழு வருகிறதே" என்பார்கள். வருவது வாஸ்தவம். 2013இல் ஆரம்பித்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும். நல்ல வேலை, அதில் உழைப்பவர்களை மதிக்கிறோம். ஆனால் அந்த ஒரு நாள் போக மற்ற நாட்களில் பிள்ளைக்கு வலிப்பு வராதா? பெண் குழந்தை பிரேயரில் மயங்கி விழாதா? வாயு கசியாதா?

பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் கதை இதைவிட மோசம். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு கிராமச் சுகாதார நர்ஸ் என்பது கணக்கு. கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, கம்ப்யூட்டரில் பதிவு எல்லாம் அந்த ஒரே பெண்ணின் தலையில். வயல் வேலைக்குப் போகும் தாயின் மகள், காலையில் கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு ரத்த சோகையோடு பள்ளிக்கு வருகிறாள். வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையை ஆசிரியை கொடுக்கிறார். அவள் விழுங்கினாளா, துப்பினாளா, ரத்தம் ஏறியதா என்று பார்ப்பது யார்?

அமெரிக்காவில் எது முதலில் வந்தது?

சோஷலிச நாட்டு உதாரணம் சொன்னால் சில கனவான்களுக்குப் பிடிக்காது. முதலாளித்துவ அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம்.

நியூயார்க்கும் ஒரு துறைமுக நகரம்தான். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைத் தொழிலாளிகள் ஒண்டுக் குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பள்ளிக்கு டாக்டர் வருவார். படை, பேன், கண்நோய் என்று சொல்லிக் குழந்தைகளை வீட்டுக்கு விரட்டுவார். வைத்தியம் பார்ப்பார் இல்லை. குழந்தைகள் தெருவில் சுற்றினார்கள். 1902 செப்டம்பரில் மட்டும் இப்படி விரட்டப்பட்டவர்கள் 10,567 பேர். அந்த மக்களிடையே வேலை செய்த லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், "ஒரு மாதம் சோதனை செய்து பாருங்கள்" என்று நகராட்சியிடம் வாதாடினார். அக்டோபர் 1ஆம் தேதி லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் நான்கு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். புண்ணுக்கு மருந்து போட்டார், வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். நகராட்சி மேலும் நர்சுகளை அமர்த்தியது. 1903 செப்டம்பரில் விரட்டப்பட்ட குழந்தைகள் 1,101 பேர்தான்.

இன்று அந்த நாட்டில் பள்ளி நர்சுகளுக்கென்றே தனிச் சான்றிதழ்ப் பரீட்சை இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பள்ளிக்கு நர்ஸ் வந்தார். பல பத்து வருஷம் கழித்துத்தான் பரீட்சை வந்தது. இங்கேயோ பரீட்சைப் புத்தகம் கையில் இருக்கிறது, நர்சுக்கு நாற்காலி இல்லை!

தொலைவு போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளுக்கென்றே சுகாதார நர்சுகளை அமர்த்தினார்கள். அவர்களும் ஒப்பந்த ஊழியர்களே, அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கு நர்ஸ் நடக்காத காரியம் அல்ல என்பது விளங்குகிறதல்லவா?

பாஸ் செய்தவர்களின் கதி

பரீட்சையில் பாஸ் செய்தவர்களாவது சுகப்பட்டார்களா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்பட்டது 2012இல். 2015இல் 7,243 நர்சு இடங்களுக்குப் பரீட்சை நடத்தினார்கள். பல்லாயிரம் பேர் எழுதினார்கள். ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த சம்பளம் மாதம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். வருஷம் போனது, வாக்கு நிறைவேறவில்லை. 2017 நவம்பரில் நர்சுகள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகத்தில் குவிந்து போராடினார்கள். உயர்நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. 7,700 ரூபாய்க்கு வேலை வாங்கியதற்கு முதலில் தடை போட வேண்டாமா?

கொரோனாக் காலத்தில் நர்சுகளைத் தேவதை என்றார்கள், கை தட்டினார்கள். அப்போது தற்காலிகமாக எடுத்த 2,000க்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை இல்லை என்றார்கள். கைதட்டலை வைத்துக் கடனுக்கு வட்டி கட்ட முடியுமா?

பணம் இல்லையாம்!

கடைசியில் எடுக்கும் ஆயுதம் இது. "பள்ளிக்குப் பள்ளி நர்ஸ் போடப் பணம் எங்கே?"

1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்டது. கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் மறுத்தது. 1925இல் அது நின்றது. பிறகு என்ன ஆயிற்று? 1956இல் மதிய உணவு வந்தது, 1982இல் சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவும் வந்தது. 1920இல் முடியாது என்றது இன்று முடிந்திருக்கிறது. வயிற்றுக்குச் சோறு போட முடிந்த சர்க்காருக்கு, அந்த வயிறு வலித்தால் பார்க்க ஒரு நர்ஸ் போட முடியாதா? இன்னொன்றும் கேட்கிறோம். குழாயில் அம்மோனியா கொண்டுபோய் லாபம் எடுக்கிறவர்கள், அந்தக் குழாயின் ஓரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு நர்ஸ் வைக்கப் பணம் கட்டினால் என்ன குறைந்துபோகும்?

நம்முடைய தவறு

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். போனசுக்குப் போராடினோம், பஞ்சப்படிக்குப் போராடினோம். நியாயமான போராட்டங்கள். ஆனால் நம் கோரிக்கைப் பட்டியலில் பள்ளிக்கு நர்ஸ் என்ற ஒரு வரியை எத்தனை தடவை எழுதினோம்? ஆலைக் கேட்டுக்குள் நடப்பதைப் பார்த்தோம், கேட்டுக்கு வெளியே நம் பிள்ளை படிக்கும் வகுப்பறையைப் பார்க்கவில்லை. இந்தத் தவறைத் திருத்திக்கொள்வோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள எல்லாப் பள்ளிகளிலும் உடனடியாக நர்ஸ்; பிறகு மாநிலம் முழுவதும். இரண்டாவது, அது நிரந்தரப் பதவி. பாஸ் செய்தவருக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். மூன்றாவது, அபாயகரமான வாயுவையும் எண்ணெயையும் கையாளும் கம்பெனிகளிடமிருந்து இதற்கு நிதி வசூல். நான்காவது, பரீட்சைக்குத் தயாராகும் ஏழைப் பெண்களுக்கு மாநகராட்சிக் கட்டிடங்களில் இலவசப் பயிற்சியும் படிக்க இடமும்.

எங்கே தொடங்குவது? 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அந்தப் பெற்றோர் நாம்தான். அடுத்த கூட்டத்திலேயே நர்ஸ் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். கிராமத்துத் தோழர்கள் மே தினத்துக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஆலைத் தோழர்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதையும் சேருங்கள்.

சங்க ஆபீஸ் மேஜையில் படிக்கும் பெண் பரீட்சைக்குத் தயார். அவளுக்குப் பதவி கொடுக்க சர்க்கார் தயாரா? ஒன்றுபட்டுக் கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்!