தலைமையை அளக்கும் கோல்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றனுள் நுழைவோர் கண்ணில் முதலிற்படுவது, தையல் வரிசையின் முகப்பில் தொங்கும் பலகையாகும். மணிக்கு எத்தனை பீஸ் தைக்க வேண்டும், எத்தனை முடிந்தன என்னும் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கும். வரிசையை நடத்தும் சூப்பர்வைசரின் திறமையும் அப்பலகையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. இக்கணக்கு வேண்டாததென்று நாம் கூறவரவில்லை. கப்பலேற்றும் நாள் தவறினால், சரக்கை விமானத்தில் அனுப்பி இலாபத்தையே இழக்க நேரும் என்பதை இவ்வூரார் நன்கறிவர். ஆயின், ஒரு தலைவர் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு வளர்ந்திருக்கிறாரா என்னும் வினாவுக்கு அப்பலகையில் விடையில்லை என்பதே நம் கருத்து.

இந்நகரின் வரலாறு வேறோர் அளவுகோலைக் காட்டுகிறது. 1925-ஐ ஒட்டிக் குலாம் காதர் என்பார் இங்கே பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டார் என்பர். அதன் பிறகான ஆண்டுகளில், சுற்றுப்புறத்து உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலைக் கற்று, கூட்டாளிகளோடு சிறு கம்பெனி தொடங்கி முதலாளிகளானோர் பலர். சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளியான தம் நூலில் இவர்களுடைய கதையை விரிவாக ஆராய்ந்துள்ளார். தம் உயர்வுக்குக் காரணமாக அவர்கள் சொன்ன சொல் ‘உழைப்பு’ என்பதாகும். அதை நாம் மறுக்கவில்லை. எனினும் உழைப்பு மட்டுமே போதுமாயின், அதே கூரையின்கீழ்க் கைமடித்த பெண்களும் முதலாளிகளாகியிருக்க வேண்டுமல்லவா? இயந்திரத்தில் அமரவைத்துக் கற்றுத்தர ஒருவரும், முதல் ஆர்டரைப் பிரித்துக்கொடுக்க ஒருவரும் சிலருக்கு வாய்த்தனர், பலருக்கு வாய்க்கவில்லை. தமக்குக் கீழிருந்த எத்தனை பேரை மேலேற்றினார் என்பதே தலைவரை அளக்கும் முதற்கோல் என்று நாம் கொள்கிறோம். கைமடியாகச் சேர்ந்த பெண் எத்தனை ஆண்டில் ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்ந்தாள்? அதிலிருந்து பிளாட்லாக்குக்குச் சென்றாளா? பிசிர் வெட்டும் மேசையிலேயே பத்தாண்டு கழித்தவர் எத்தனை பேர்? இவற்றைக் கணக்கெடுப்பது கடினமன்று. சம்பளப் பட்டியலிலேயே விடை இருக்கிறது.

மற்றொரு கோல் இதனினும் நுட்பமானது. பின்னல் துணியைத் தைக்கும்போது ஊசிமுனை மழுங்கினால், அது நூலை விலக்கிச் செல்லாமல் அறுத்துவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாத அவ்வெட்டு, துவைத்தபின் ஓட்டையாக விரியும். ஊசி மழுங்கியதை முதலில் உணர்பவர் தைப்பவரே. அவர் உடனே கையுயர்த்திச் சொல்கிறாரா, அல்லது ‘மெஷினை ஏன் நிறுத்தினாய்?’ என்னும் ஏச்சுக்கு அஞ்சித் தைத்துக்கொண்டே போகிறாரா? அஞ்சுபவர் தைத்த பீஸ்களும் பலகையில் ஏறத்தான் செய்யும். ஓட்டை மட்டும் வாங்குபவர் வீட்டில் வெளிப்படும். ஆதலின், குறையைத் தாமே வந்து சொல்வோர் தொகை ஒரு வரிசையில் கூடுமாயின், அதைச் சூப்பர்வைசரின் வளர்ச்சியாகக் கொள்ளலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் நிறைந்த வரிசையில், அவர்கள் மொழியில் நாலு சொல்லேனும் அறியாத சூப்பர்வைசரிடம் யார் வந்து என்ன சொல்வர்?

ஊசியைப் பற்றிச் சொல்ல அஞ்சுவோர், தமக்கு நேரும் அவமதிப்பை எங்ஙனம் சொல்வர்? 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொலையுண்டதும், அவ்வாலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானதும் நாடறிந்த செய்தி. அதன் விளைவாக 2022-இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு வணிக நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. தொழிலாளர்களுக்குள்ளேயே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை அமர்த்தி, முறையீடுகளை வெளிப்படச் சொல்ல வழிசெய்தது அவ்வுடன்பாடு. முறையீடு பெருகுவதை நிர்வாகத்தின் தோல்வியென எண்ணுவோர் உளர். முறையீடே எழாத ஆலையைக் கண்டுதான் நாம் அஞ்ச வேண்டும்.

வள்ளுவர், இடித்துரைப்போரைத் துணைக்கொள்வதைப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் அரசனுக்குரிய வலிமையாகவே வைத்தார். நம் மாணவர்களுள் பலர் நாளை இவ்வரிசைகளின் முன் சூப்பர்வைசராகவும் மெர்ச்சண்டைசராகவும் நிற்கப்போகின்றவர்கள். அவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். இம்மாதம் யார் புதிதாக ஒரு வேலை கற்றார், யார் நம் முகத்துக்கு நேரே ‘இது தவறு’ என்றார், அதைக் கேட்டு நாம் எதை மாற்றினோம் என்று எழுதட்டும். சில மாதங்களுக்குப் பக்கம் வெறுமையாக இருப்பின், அதுவும் ஒரு செய்தியே.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் கற்றுக்கொடுக்க நேரமேது என்று கம்பெனி நடத்தும் பெரியோர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயின் ஆர்டர் குறைந்து இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் வாரங்களும் ஆண்டுதோறும் வருகின்றனவே. அந்நாட்களில் கைமடிக்கும் பெண்ணை இயந்திரத்தில் அமர்த்திப் பழக்குவோரைக் காண்பது அரிது. வேலையில்லை என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.