முதல் மேடை ஏறும் பெண்களும் வழிகாட்டும் பெண்களும்

உடற்கட்டழகு என்றதும் கலிபோர்னியாவை நினைப்போர் பலர். ஆயின் அத்துறையின் உலகச் சம்மேளனம் 1946 இல் தோன்றியது எமது மொன்றியல் நகரிலேதான். போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோரின் மைந்தர்களான ஜோ வீடரும் பென் வீடரும் அதனை அமைத்தனர். வந்தேறு குடிகளின் பிள்ளைகள் தொடக்கிவைத்த துறை இது என்பதை எம்மவர் மனங்கொள்ளலாம். பெண்களுக்கு மட்டும் அம்மேடை எளிதில் கிட்டவில்லை. மிஸ் ஒலிம்பியாப் போட்டி 1980 இலேயே ஆரம்பமாயிற்று. ‘பிசீக்’ எனும் பிரிவு ஒலிம்பியாவில் இடம்பெறுவதற்கு 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

பெண்ணின் தோள் அகன்றால் குடும்பத்தின் மானம் குறுகும் என்று எண்ணுவோர் எம்மிடையே இன்னும் உளர். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடியபோது கைதட்டி மகிழ்ந்தவர்களும் இவர்களே! அவர்களோடு வாதிடுவது எமது நோக்கமன்று. எமது கவலை வேறு.

முதன்முறை மேடை ஏற விரும்பும் பெண், அனுபவமுள்ள இன்னொரு பெண்ணையே நாடிச் செல்கிறாள். அது இயல்பானது, நன்மையும் கூட. வேலை முடிந்து, பிள்ளைகளை உறங்கவைத்து, அதன்பின் பாரந்தூக்கச் செல்லும் வாழ்வை அவளே அறிவாள். ஆனால் வழிகாட்டுபவளும் அதே பருவத்தில் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருப்பின் நிலைமை சிக்கலாகிறது. பல கிழமைகளாக உணவைக் குறைத்தவளுக்கு உறக்கம் கெடும், பொறுமை குன்றும், கண்ணாடியில் தன் உடலே தவறாகத் தோன்றும். அந்தக் கண்களாலேயே அவள் தன் மாணவியையும் அளக்கிறாள். தனக்கு ஐந்தாம் போட்டியில் பொருந்திய உணவு அட்டவணையை, முதல் போட்டிக்காரியின் கையிலும் கொடுத்துவிடுகிறாள்.

கிழமையொன்றுக்கு உடல் நிறையின் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை குறைப்பதே தகும் என்பது இத்துறை ஆய்வாளர் கருத்து. அறுபது கிலோ நிறையுடைய பெண்ணுக்கு அது 300 முதல் 600 கிராம் மட்டுமே. அதற்கு மேல் அவசரப்பட்டால் தசையும் கரையும். மாதவிலக்கு நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகப் பெருமையுடன் கூறுவோரும் உண்டு. அது உடலின் முறைப்பாடு. தொடர்ந்தால் எலும்பு வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதனை ஒரு நோய்நிலையாகவே விளக்கியது. எமது பெண்கள் இத்தகைய விடயங்களை வைத்தியரிடம் கூறவே கூசுபவர்கள். மொழியும் தடையாகிறது. ஆகவே அதனை முதலில் கேட்டறிய வேண்டியவள் பயிற்றுநரே.

இறுதி நாட்களில் தண்ணீரை நிறுத்துதல், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளை விழுங்குதல் ஆகியன பற்றி ஒரு சொல் போதும். 1992 இல் ஒல்லாந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் முகமது பெனசீசா என்ற தேர்ந்த வீரர் மாண்டது உடல் நீர் வற்றியதனாலேயே.

பயிற்றுநர் தம் போட்டித் திகதியை மாணவிக்கு முதலிலேயே அறிவித்தல் வேண்டும். கடைசிக் கிழமைகளில் மாணவியின் உணவைத் தீர்மானிக்கப் போட்டியில் ஈடுபடாத ஒருவரைத் துணைக்கு அழைத்தல் நன்று. மேடை முடிந்த மறுநாள் தொட்டுப் பசி மிகும், நிறை ஏறும், மனம் சோரும். அக்காலத்துக்கான வழிகாட்டலும் கட்டணத்துள் அடங்கவேண்டும். இருவரின் போட்டிகளும் ஒரே கிழமையில் வருமாயின் ஒன்றைப் பிற்போடுவதே முறை. பிற்போடப்படுவது பயிற்றுநரின் போட்டியாக இருக்கட்டும்.